பூங்காவுக்குள் நுழையாத விடுமுறை

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், ஆர்லாண்டோ நகருக்குத் தென்மேற்கே அமைந்திருக்கிறது வால்ட் டிஸ்னி வேர்ல்டு. அங்கே குடும்பத்துடன் சென்று, அதன் வளாகத்திலேயே விடுதி எடுத்துத் தங்கி, நான்கு கேளிக்கைப் பூங்காக்களில் ஒன்றினுள்ளும் காலடி வைக்காமல் திரும்பியதாக ஒருவர் கூறினால், கேட்பவர் இரக்கப்படுவார். மழையா, குழந்தைக்குக் காய்ச்சலா, கையில் பணம் தீர்ந்துவிட்டதா என்று விசாரிப்பார். திருப்பதி வரை சென்றவர் பெருமாளைப் பார்க்காமல் வந்துவிட்டதைப் போல அது தோன்றும். ஆனால், வேண்டுமென்றே அவ்வாறு செய்பவர்கள் இருக்கிறார்கள். ஓரிரு முறை பூங்காக்களைச் சுற்றிப் பார்த்தவர்களும், கைக்குழந்தை வைத்திருப்பவர்களும், முதியோருடன் பயணம் செய்பவர்களும் இந்த முடிவுக்கு வருகிறார்கள். அது எப்படி ஒரு விடுமுறையாகும் என்பதைப் புரிந்துகொள்ள, முதலில் நுழைவுச்சீட்டின் கணக்கைப் பார்க்க வேண்டும்.

1971-இல் இவ்வளாகம் திறக்கப்பட்டபோது பெரியவர் ஒருவருக்கான நுழைவுக் கட்டணம் மூன்றரை டாலர். உள்ளே ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனிச்சீட்டு வாங்க வேண்டும். அதாவது, எதில் ஏறுகிறோமோ அதற்கு மட்டும் பணம். 1980-களின் தொடக்கத்தில் இம்முறை கைவிடப்பட்டு, ஒரே கட்டணத்தில் எல்லாவற்றிலும் ஏறலாம் என்றாயிற்று. மேஜிக் கிங்டம் பூங்காவின் ஒருநாள் கட்டணம் 2015-இல் முதன்முறையாக 100 டாலரைக் கடந்தது. 2018 முதல் நாளுக்கு நாள் மாறும் விலை நடைமுறைக்கு வந்தது. கிறிஸ்துமஸ் வாரத்தில் அது 200 டாலரை ஒட்டிச் சென்றுவிட்டது. மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்கு மட்டுமே கட்டணம் இல்லை. பத்து வயதுக்குக் குறைந்த சிறுவர்களுக்குக் கிடைக்கும் சலுகை பெயரளவுக்கானது. தாத்தா, பாட்டி, தாய், தந்தை, இரு பிள்ளைகள் என ஆறு பேர் கொண்ட குடும்பம் தலைக்கு 150 டாலர் என்று வைத்துக்கொண்டாலும், வாயிலைத் தாண்டுவதற்கே 900 டாலர் வேண்டும். நம் பணத்தில் எழுபத்தைந்தாயிரம் ரூபாய்க்கு மேல். அதன் பிறகும் வரிசையில் காத்திருக்கத்தான் வேண்டும். 1999 முதல் இலவசமாக வழங்கப்பட்டுவந்த விரைவு வரிசைச் சலுகை, கொவைட் காலத்துக்குப் பின் 2021-இல் கட்டணச் சேவையாக மாற்றப்பட்டுவிட்டது.

இதில் கவனிக்கத்தக்க நுட்பம் ஒன்று உண்டு. ஒரு நாள் சீட்டைவிட, பல நாள் சீட்டில் நாளொன்றுக்கான விலை படிப்படியாகக் குறையும். நான்காவது, ஐந்தாவது நாள்களைச் சேர்ப்பதற்கு ஆகும் கூடுதல் செலவு முதல் நாளோடு ஒப்பிட்டால் சொற்பமே. எனவே, "இவ்வளவு கொடுத்தாயிற்று, இன்னும் ஒரு நாள் சேர்த்துக்கொள்வோமே" என்றுதான் எவருக்கும் தோன்றும். சேர்த்துக்கொண்ட பின், வாங்கிய சீட்டை வீணாக்கக் கூடாது என்ற எண்ணம் வந்துவிடும். கால் வலித்தாலும், குழந்தை தூங்கி விழுந்தாலும், வெயில் மண்டையைப் பிளந்தாலும் குடும்பம் காலை ஏழு மணிக்கெல்லாம் பேருந்து நிறுத்தத்தில் நிற்கிறது. திரும்பி வராத பணத்தை நினைத்து, வராத மகிழ்ச்சியைத் தேடி அலைவது மனித இயல்பு. கட்டண அட்டவணையை வகுப்பவர்கள் இந்த இயல்பை அறியாதவர்கள் அல்லர்.

ஸ்டாஃபான் லிண்டர் என்ற ஸ்வீடன் நாட்டுப் பொருளியலாளர், செல்வம் பெருகப் பெருக மனிதனுக்கு நேரம் அரிதாகிறது என்றும், அதனால் அவனது ஓய்வே பரபரப்பு மிக்கதாக மாறிவிடுகிறது என்றும் 1970-இல் ஒரு நூலில் வாதிட்டார். டிஸ்னி வேர்ல்டு திறக்கப்பட்டது அதற்கு அடுத்த ஆண்டு. அமெரிக்காவில் தனியார் ஊழியர்களுக்கு ஊதியத்துடன் கூடிய விடுப்பு அளித்தே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் கூட்டாட்சிச் சட்டம் இன்றுவரை இல்லை. நிறுவனம் மனமுவந்து அளிப்பதே விடுப்பு. ஆண்டுக்குச் சில நாள்களே கிடைக்கும்போது, அந்த நாள்களின் ஒவ்வொரு மணித்துளியையும் பிழிந்தெடுக்க வேண்டும் என்ற வேகம் வருவது இயல்பே. விடுமுறை முடிந்து அலுவலகம் திரும்பியதும் "அப்பாடா" என்று நாற்காலியில் சாய்பவர்கள் இந்த வேகத்தின் விளைபொருள்கள்.

பூங்காவைத் தவிர்ப்பது என்பது இவ்வளாகத்தின் நோக்கத்துக்கே முரணானது என்று நினைப்பவர்கள் அதன் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்க்கலாம். வால்ட் டிஸ்னி தம் முதல் பூங்காவான டிஸ்னிலேண்டை கலிபோர்னியாவின் அனஹைம் நகரில் 1955 ஜூலையில் திறந்தார். அவரிடமிருந்த நிலம் ஏறத்தாழ 160 ஏக்கர் மட்டுமே. பூங்கா புகழ்பெற்றதும் அதைச் சுற்றி மலிவான விடுதிகளும் கடைகளும் முளைத்தன. கூட்டத்தைத் திரட்டியவர் ஒருவர், அதனால் பணம் ஈட்டியவர்கள் வேறு பலர் என்ற நிலை அவரை உறுத்தியது. அடுத்த முறை, பார்வையாளர் தங்கும் இடமும் உண்ணும் இடமும் உலவும் இடமும் தம் கைக்குள் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தார். 1964, 65 ஆண்டுகளில், யாருக்காக வாங்கப்படுகிறது என்பதே வெளியில் தெரியாமல், வெவ்வேறு பெயர்களில் இயங்கிய சிறு நிறுவனங்களின் வாயிலாக மத்திய ஃபுளோரிடாவின் சதுப்பு நிலங்கள் வாங்கப்பட்டன. மொத்தம் 27,000 ஏக்கருக்கும் அதிகம். இன்று எஞ்சியுள்ள வளாகமே நூறு சதுர கிலோமீட்டர் அளவினது. சென்னை மாநகராட்சியின் தற்போதைய பரப்பில் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு. இதில் பூங்காக்கள் பிடித்திருக்கும் இடம் மிகச் சிறிது.

வால்ட் 1966 டிசம்பரில் காலமானார். அவருடைய அண்ணன் ராய், ஓய்வுபெறும் எண்ணத்தைத் தள்ளிவைத்துவிட்டுப் பணிகளை முடித்தார். 1971 அக்டோபர் 1 அன்று கதவு திறந்தபோது அங்கிருந்த பூங்கா ஒன்றே ஒன்று. அதனுடன் இரண்டு பெரிய விடுதிகள், இரண்டு கோல்ஃப் திடல்கள், படகு விடுவதற்கு இயற்கையான ஏரி ஒன்று, வெட்டி உருவாக்கிய ஏரி ஒன்று ஆகியவை இருந்தன. சில வாரங்களில் கூடாரமிட்டுத் தங்கும் வனப்பகுதியும் சேர்ந்துகொண்டது. இரண்டாவது பூங்காவான எப்காட் வருவதற்கு 1982 வரை, பதினோரு ஆண்டுகள் ஆயின. தொடக்கக் காலத்தில் இவ்வளாகம் தன்னை 'உலகின் விடுமுறை ராஜ்யம்' என்றே விளம்பரப்படுத்திக்கொண்டது. ஒரு நாள் பூங்கா, மறுநாள் படகு, அதற்கடுத்த நாள் ஏரிக்கரையில் சும்மா படுத்திருப்பது என்பதே அன்றைய திட்டம். நான்கு பூங்காக்களையும் நான்கு நாள்களில் முடித்தாக வேண்டும் என்ற கட்டாயம் பிற்காலத்தில் பூங்காக்கள் பெருகியபோது வந்தது. ஆகவே, விடுதியிலேயே தங்கிப் பொழுதைக் கழிப்பவர் புதுமை எதையும் செய்துவிடவில்லை.

அப்படித் தங்கினால் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? அன்று திறக்கப்பட்ட இரு விடுதிகளில் ஒன்றான கன்டெம்பரரி விடுதியையே எடுத்துக்கொள்வோம். ஆங்கில 'ஏ' எழுத்தின் வடிவில் நிற்கும் அக்கட்டடத்தின் வயிற்றினூடே மோனோ ரயில் புகுந்து வெளியேறுகிறது. யு.எஸ். ஸ்டீல் நிறுவனத்தின் பங்களிப்புடன், அறைகள் வேறோரிடத்தில் முழுமையாகச் செய்து முடிக்கப்பட்டு, கிரேன் கொண்டு தூக்கி எஃகுச் சட்டகத்துக்குள் பொருத்தப்பட்டன. உள்ளே, ஓவியர் மேரி பிளேர் வடிவமைத்த 90 அடி உயர ஓட்டுச்சித்திரம் ஒன்று உண்டு. அதில் ஓர் ஆட்டுக்கு ஐந்து கால்கள். அதைக் கண்டுபிடிக்கும்படி பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு, பெரியவர்கள் அரைமணி நேரம் நிம்மதியாக உட்கார்ந்திருக்கலாம். மோனோ ரயிலில் ஏறச் சீட்டு ஏதும் தேவையில்லை. அதில் ஏறி, ஏரியைச் சுற்றியுள்ள பாலினீசியன் விடுதிக்கும் கிராண்ட் ஃபுளோரிடியன் விடுதிக்கும் சென்று வரலாம். கிறிஸ்துமஸ் காலத்தில் கிராண்ட் ஃபுளோரிடியனின் முகப்புக் கூடத்தில், இஞ்சி மணக்கும் ரொட்டியால் ஆளுயர வீடு ஒன்றைக் கட்டி நிறுத்துகிறார்கள். வைல்டர்னஸ் லாட்ஜ் என்ற மற்றொரு விடுதி, யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் உள்ள பழைய மரவிடுதியை மனத்தில் கொண்டு 1994-இல் எழுப்பப்பட்டது. பல மாடி உயரத்துக்கு எழும் கல் அடுப்பும், மரத் தூண்களும், நேரத்துக்கு நேரம் பீறிட்டு எழும் செயற்கை வெந்நீரூற்றும் அங்கே உள்ளன. அந்த அடுப்பின் அருகே ஒரு புத்தகத்துடன் அமர்ந்திருப்பவரை எவரும் எழுந்து போகச் சொல்வதில்லை.

இவை எல்லாவற்றையும்விட, என் மதிப்பீட்டில், பூங்காவைத் தவிர்ப்பவர்களுக்கென்றே அமைந்தது போலத் தோன்றுவது 2001-இல் திறக்கப்பட்ட அனிமல் கிங்டம் லாட்ஜ். பீட்டர் டொமினிக் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த அவ்விடுதி, பிறை வடிவில் வளைந்து, ஆப்பிரிக்கப் புல்வெளி போல உருவாக்கப்பட்ட நிலப்பரப்பைத் தழுவி நிற்கிறது. காலையில் எழுந்து மாடத்துக் கதவைத் திறந்தால் ஒட்டகச்சிவிங்கி இலை மேய்ந்துகொண்டிருக்கும். வரிக்குதிரைகளும், நீண்ட வளைந்த கொம்புகளையுடைய அங்கோலே மாடுகளும் சற்றுத் தொலைவில் நடமாடும். அத்தகைய அறைக்கு வாடகை அதிகம். ஆனால், பொது மேடைகளிலிருந்தும் அதே விலங்குகளைப் பார்க்கலாம் என்பதால் மலிவான அறையெடுத்தவர்களும் ஏமாறுவதில்லை. விலங்குகளைப் பற்றி விளக்கிச் சொல்லப் பணியாளர்கள் இருக்கிறார்கள். வெயில் ஏறுமுன் ஒரு முறை, சாயும்போது ஒரு முறை என்று இரண்டு வேளை அமர்ந்து பார்த்தால், ஒரே விலங்கு இரண்டு விதமாக நடந்துகொள்வது தெரியும். பூங்காவுக்குள் ஓடும் வண்டியிலிருந்து சில நொடிகளில் கடந்துபோகும் காட்சியில் இது கிடைக்காது.

அவ்விடுதியின் இன்னொரு பகுதியில் சனா என்றோர் உணவகம் இருக்கிறது. ஆப்பிரிக்கச் சமையலையும் இந்தியச் சுவைகளையும் இணைத்து உணவு தருகிறார்கள். நான் போன்ற ரொட்டி வகைகளுடன், தொட்டுக்கொள்ள ஒன்பது வகைப் பண்டங்கள் வரும் தட்டு அங்கு பெயர்பெற்றது. புளிச் சட்டினி, கொத்தமல்லிச் சட்டினி, வெள்ளரித் தயிர்ப் பச்சடி, பூண்டு ஊறுகாய் எல்லாம் அதில் அடக்கம். இந்தியப் பெருங்கடல் வாணிகத்தால் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையோரச் சமையலில் நம் நாட்டு மணம் கலந்த வரலாற்றை நினைத்துப் பார்த்தால், இது வெறும் புதுமைக் கலவை அன்று என்பது விளங்கும். பிள்ளைகளைக் காண அமெரிக்கா செல்லும் நம் பெற்றோருக்கு, நான்கு நாள் பீட்சாவுக்குப் பிறகு இப்படி ஒரு தட்டு கிடைப்பது சிறிய ஆறுதல் அன்று. ரொட்டியும் போதாது, ரசமும் சோறும்தான் வேண்டும் என்பவர்கள், ஃபோர்ட் வைல்டர்னஸ் வனப்பகுதியில் அடுப்புடன் கூடிய சிறு வீடுகளை எடுத்துச் சமைத்துக்கொள்ளலாம். அங்கே மாலை வேளைகளில் விறகு மூட்டிச் சுற்றி அமர்ந்து பாடுவதும், அதன்பின் திறந்தவெளியில் திரைப்படம் காட்டுவதும் வழக்கம். இரண்டுக்கும் கட்டணம் இல்லை.

இரவுப் பொழுதும் வறண்டு கிடப்பதில்லை. 1971 அக்டோபரிலேயே தொடங்கிய மின்விளக்குப் படகு ஊர்வலம் இரு ஏரிகளிலும் வலம் வருவது. கடற்பாம்பு, ஆமை, திமிங்கிலம் முதலிய உருவங்கள் விளக்குகளால் ஒளிர்ந்தபடி இசையோடு நீரில் மிதந்து, விடுதிகளின் கரைகளை ஒவ்வொன்றாகக் கடக்கும். பாலினீசியன் விடுதியின் மணற்கரையிலிருந்து பார்த்தால், எதிர்க்கரைப் பூங்காவின் வாணவேடிக்கையும் தெரியும். இசையின் நுணுக்கமும், கோட்டைச் சுவரில் விழும் ஒளிப்படங்களும் அவ்வளவு தொலைவில் பிடிபடா. ஆனால், நெரிசலில் பிள்ளையைத் தோளில் சுமந்து நிற்க வேண்டியதில்லை. 2019-இல் தொடங்கப்பட்ட ஸ்கைலைனர் என்ற ரோப் காரும் இலவசமே. நான்கு விடுதிகளை இரு பூங்காக்களின் வாயில்களோடு இணைக்கும் அதில், வாயில் வரை சென்று அப்படியே திரும்பிவிடுவோர் உண்டு. கடைவீதியான டிஸ்னி ஸ்பிரிங்ஸில் நுழைவதற்கோ வாகனம் நிறுத்துவதற்கோ கட்டணம் கிடையாது. கடைக்குள் நுழைந்தபின் நேர்வது அவரவர் மனவுறுதியைப் பொறுத்தது.

இவ்வளவும் படித்தபின், "பூங்காவுக்குப் போகாதவன் எதற்காக டிஸ்னி விடுதிக்கு வாடகை கொடுக்க வேண்டும்? அதே பணத்துக்குக் கடற்கரையில் நல்ல விடுதி கிடைக்காதா?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. இவ்விடுதிகளின் வாடகையில் பூங்காவின் அண்மைக்கான விலையும் கலந்திருக்கிறது. அந்த அண்மையைப் பயன்படுத்தாதவர் அதற்கும் சேர்த்தே செலுத்துகிறார். வாடகையின்மேல் வரி வேறு பன்னிரண்டரை விழுக்காடு வரும். ஆகவே, ஒரு வாரம் முழுவதும் பூங்காவைத் தவிர்த்து அங்கேயே தங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டு அல்லது மூன்று இரவுகள் போதும். வேறு பணிக்காக ஆர்லாண்டோ செல்பவர்கள், வெளியே மலிவான அறையெடுத்துக்கொண்டு, பகலில் இவ்விடுதிகளில் ஒன்றில் உணவருந்தி, மோனோ ரயிலில் சுற்றிவிட்டுத் திரும்பலாம். ஆறு பேருக்கான ஒருநாள் நுழைவுச்சீட்டுத் தொகையில், நடுத்தர வசதியுள்ள அறைக்கு இரண்டு மூன்று இரவு வாடகை கொடுத்துவிட முடியும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். அதேபோல், இத்திட்டத்தால் அந்நிறுவனத்துக்கு இழப்பு எதுவும் இல்லை. வேடமிட்ட கதாபாத்திரங்கள் மேசைக்கு மேசை வந்து கைகுலுக்கும் விருந்துகளை விடுதிகளிலேயே நடத்துகிறார்கள். நுழைவுச்சீட்டு தேவையில்லாத அந்த விருந்தின் விலையைப் பார்த்தால், சீட்டு தேவையில்லாததன் காரணம் புரிந்துவிடும்.

வேறு சில எச்சரிக்கைகளும் அவசியம். ஒரு விடுதியில் தங்குபவர் மற்றொரு விடுதியின் நீச்சல் குளத்தில் இறங்க அனுமதி இல்லை. ஆகையால், குளமே முக்கியம் என்பவர்கள் அதைப் பார்த்தே விடுதியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மணல் தரையிட்ட பெரிய குளம் யாட் கிளப், பீச் கிளப் விடுதிகளுக்குப் பொதுவாக அமைந்தது. கூட்டம் மிகுந்த நாள்களில், அறையோ உணவக முன்பதிவோ இல்லாதவர்களின் வாகனங்களை விடுதி வாயிலிலேயே திருப்பி அனுப்பிவிடுவதும் உண்டு. ஏரிகளின் மணற்கரைகள் அமர்வதற்கு மட்டுமே. நீரில் கால் நனைக்கவும் கூடாது. 2016 ஜூனில் கரையோரத்தில் விளையாடிய இரண்டு வயதுக் குழந்தையை முதலை இழுத்துச் சென்று, குழந்தை உயிரிழந்த துயரத்துக்குப் பிறகு தடுப்புகளும் அறிவிப்புப் பலகைகளும் வைக்கப்பட்டுள்ளன. அழகுக்காக வெட்டிய ஏரியும் ஃபுளோரிடாவில் ஏரிதான். கோடை மாதங்களில் பிற்பகல் தோறும் இடி மின்னலுடன் மழை வருவது வழக்கம் என்பதால், மின்னல் தென்பட்டவுடன் குளங்களை மூடிவிடுவார்கள். ஜூன் முதல் நவம்பர் இறுதிவரை புயல் பருவம். வானிலை இதமாக இருக்கும் மாதங்கள் பிப்ரவரியும் நவம்பரும்தான்.

எல்லாவற்றுக்கும் மேலாக, யாரை அழைத்துச் செல்கிறோம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஏழெட்டு வயதுப் பிள்ளையை, முதன்முறையாக அங்கே கூட்டிச் சென்று, ஏரிக்கு அப்பால் ஒளிரும் கோட்டையைக் காட்டிவிட்டு "நாம் அங்கே போகப்போவதில்லை" என்று சொல்வது கொடுமை. சிக்கனத்தின் பெயரால் செய்தாலும், ஓய்வின் பெயரால் செய்தாலும் அது கொடுமையே. இரண்டு வயதுக் குழந்தைக்கோ, கோட்டையும் குளமும் ஒன்றுதான். அறையில் கிடக்கும் அட்டைப் பெட்டி இரண்டையும்விட மேலானது. முதியோரின் நிலை வேறு. பூங்காவுக்குள் ஒரு நாளைக்குப் பத்து கிலோமீட்டர் வரை நடக்க நேர்வது சாதாரணம். முழங்கால் வலியுள்ள தாய், மகன் மனம் நோகக் கூடாது என்று வாய் திறவாமல் நடப்பார். அவருக்காகத்தான் இவ்வளவு செலவும் என்று மகன் எண்ணிக்கொண்டிருப்பான். இருவரும் ஒருவருக்காக ஒருவர் துன்பப்படும் இந்த விந்தையைப் பல குடும்பங்களில் காணலாம். வெளிப்படையாக முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது. கேட்டால் பல பெற்றோர், "நீங்கள் போய் வாருங்கள்" என்றே சொல்வார்கள். அதைப் பணிவு என்று எடுத்துக்கொள்ளாமல், உண்மை விருப்பமாகவும் இருக்கலாம் என்று கருத வேண்டும்.

நுழைவுச்சீட்டு தலைக்கு ஒன்று என்பதால், குடும்பம் முழுவதும் ஒரே முடிவை எடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பெரிய பிள்ளைகளுடன் தந்தை பூங்காவுக்குச் செல்லலாம். தாத்தாவும் பாட்டியும் கைக்குழந்தையும் விடுதியில் இருக்கலாம். தாய் இரு பக்கமும் ஒரு நாள் இருந்து பார்க்கலாம், அல்லது இரண்டையும் விட்டுவிட்டு அறையில் உறங்கலாம். ஏரிக்கரை விடுதிகளில் தங்கியிருந்தால், பூங்காவுக்குச் சென்றவர்கள் வெயில் ஏறியதும் மதிய உணவுக்குத் திரும்பி, மாலையில் மீண்டும் செல்வதும் எளிது. மேஜிக் கிங்டத்திலிருந்து வரும் படகு அவ்விடுதிகளின் துறைக்கே வந்து நிற்கிறது. அதற்கும் கட்டணம் இல்லை.